மாடி டிஷ்ஷில் ஓரியனின் காபனைப் பிடிக்கலாமா?

கேள்வி: வந்தாறுமூலையில் பௌதிகவியல் படிக்கிறேன். ஓரியன் மூலக்கூற்று முகிலில் (ஓரியன் விண்மீன் கூட்டத்தில் உள்ள வாயு, தூசு முகில்) காபன் அணு விடும் கதிரைப் படமாக்கி இறுதியாண்டு ஆய்வாகக் கொடுக்க ஆசை. வீட்டு மாடியில் பழைய டிவி டிஷ் இருக்கிறது, அது போதுமா?

பதில்: டிஷ் போதாது தம்பி, ஆனால் ஆய்வைக் கைவிட வேண்டாம்.

அந்தக் காபன் கோடுகள் இரண்டு: 492, 809 கிகாஹேட்ஸ். டிவி டிஷ் வேலை செய்வது 12 கிகாஹேட்ஸ் அளவில். அதைவிடப் பெரிய தடை நம்முடைய காற்றுத்தான். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து மங்குகிறதே, அந்த ஈரம் இந்த மீடிறன்களை வழியிலேயே உறிஞ்சிவிடும், மட்டக்களப்பில் எவ்வளவு பெரிய டிஷ் வைத்தாலும் ஒன்றும் வந்து சேராது. 1980இல் முதன்முதல் 492 கோட்டைப் பிடித்தவர்கள் தொலைநோக்கி பொருத்திய கைப்பர் விமான ஆய்வகத்தில் ஏறிப் பறந்துதான் பிடித்தார்கள். ஜப்பானியர் 1998இல் பூஜி மலை உச்சியில் 1.2 மீற்றர் தொலைநோக்கி ஒன்றை நிறுவினார்கள், சிலியில் அல்மா என்ற அன்டெனா வரிசைத் தொலைநோக்கி இருப்பது 5000 மீற்றர் உயரத்தில்.

அந்தப் பூஜித் தொலைநோக்கி எடுத்த ஓரியன் காபன் படம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. முகிலின் வெளிப்புறத்தில் ஊதாக் கடந்த கதிர் காபனின் இலத்திரனைப் பறித்துவிடும், உள்ளே காபன் ஒட்சிசனோடு சேர்ந்து காபனோரொட்சைட்டாகிவிடும், ஆகவே தனி அணு இடையில் மெல்லிய தோலாக மட்டுமே இருக்கும் என்றுதான் பழைய கணிப்பு. படத்திலோ அது காபன்-13 (சற்றுக் கனமான காபன் வகை) கொண்ட காபனோரொட்சைட்டு பரவிய இடமெல்லாம் பரவிக் கிடந்தது! முகில் கட்டிகட்டியாக இருப்பதால், கிடுகு வேலிக்குள் வெயில் நுழைவதுபோல அந்தக் கதிர் உள்ளே போகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. அல்மாவின் தரவுகள் வழக்கமாக ஒரு வருடத்துக்குப் பின் எல்லோருக்கும் இலவசம், 492 கோடு அல்மாவின் 8ஆம் மீடிறன் பட்டையில் இருக்கும். மூலத்தரவை இறக்காமல் தயாரான ஃபிட்ஸ் கோப்பை (வானியல் படங்களுக்கான கோப்பு வகை) மட்டும் எடுங்கள், கார்ட்டா மென்பொருளில் திறக்கலாம், அதுவும் இலவசம். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெரிய அன்டெனாக்களின் வரிசை மட்டும் பார்த்தால் பரந்து விரிந்த மங்கலான ஒளி படத்தில் விழாது, பிரகாசமான முடிச்சுகள்தான் தெரியும், அதை நம்பி "காபன் கட்டிகளில் மட்டுமே உள்ளது" என்று எழுதினால் ஆய்வே பிழையாகிவிடும். 7 மீற்றர் அன்டெனாக்களும் தனி அன்டெனா அளவீடும் சேர்த்த தரவாகத் தேடுங்கள். காபனோரொட்சைட்டோடு ஒப்பிடும் முன் இரண்டு படங்களையும் ஒரே கூர்மைக்கு மங்கலாக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த டிஷ்ஷை வீசிவிட வேண்டாம். 1420 மெகாஹேட்ஸ் ஐதரசன் கோடு நம் ஈரக்காற்றிலும் தாராளமாக வந்து சேரும், டிஷ்ஷின் டிவி வாங்கித் தலையைக் கழற்றி அந்த மீடிறனுக்கான சிறு அன்டெனாவைப் பொருத்தி, மலிவான எஸ்டிஆர் (கணினியோடு இணைக்கும் வானொலி வாங்கி) ஒன்றும் நல்ல அம்ப்ளிஃபையர் ஒன்றும் சேர்த்தால் பால்வீதியைப் பிடிக்கலாம்.