வெப்ப அதிர்ச்சிப் புரதத் தடுப்பூசி நோயைத் தடுக்குமா?

கேள்வி: என் தந்தையின் சிறுநீரகப் புற்றுநோய்க் கட்டியை அறுவை சிகிச்சையில் அகற்றிவிட்டார்கள். அகற்றிய கட்டியிலிருந்தே ‘வெப்ப அதிர்ச்சிப் புரதம்’ எடுத்துத் தடுப்பூசி தயாரிக்கலாம் என்கிறார் உறவினர் ஒருவர். இது உடலைச் சூடாக்கும் சிகிச்சையா? நோய் திரும்பாமல் காக்குமா?

பதில்: சூடாக்கும் சிகிச்சை அன்று. 1962-இல் இத்தாலிய ஆய்வாளர் ஃபெருச்சியோ ரிட்டோசா, வெப்பம் கூடிவிட்ட பெட்டியில் இருந்த பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, குரோமோசோம்களில் சில இடங்கள் புதிதாகப் புடைத்திருந்தன. அவ்விடங்களிலுள்ள மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களுக்கே பின்னர் இப்பெயர் வந்தது. நம் செல்களிலும் இவை உண்டு. மற்றப் புரதங்கள் சரியாக மடிவதற்குத் துணை நிற்பவை.

இவற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு: செல்லுக்குள் உடைபடும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தம்மோடு ஏந்திக்கொள்ளும். ஹைதராபாத்தில் முனைவர் பட்டம் பெற்ற பிரமோத் ஸ்ரீவாஸ்தவாவும் உடன் ஆய்வாளர்களும், எலியின் கட்டியிலிருந்து பிரித்த ஜிபி96 என்னும் வெப்ப அதிர்ச்சிப் புரதத்தை எலிகளுக்குச் செலுத்தினால் அதே கட்டி பிறகு வளர்வதில்லை என்று 1986-இல் அறிவித்தார்கள். ஆரோக்கியமான திசுவிலிருந்து எடுத்த அதே புரதத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. ஆகவே எதிர்ப்பாற்றலுக்கு அடையாளம் காட்டுவது புரதமன்று, அது சுமந்து வரும் துண்டுகளே. எதிர்ப்பாற்றலின் காவலர்களான டென்ட்ரிடிக் செல்கள் அப்புரதத்தை உள்வாங்கி, துண்டுகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்ட, டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் அவற்றைக் கண்டுகொண்டு கட்டியைத் தாக்கப் புறப்படுகின்றன. ஒருவரின் கட்டி மற்றவருடையதைப் போல இராது என்பதால்தான் அவரவர் கட்டியிலிருந்தே ஊசி தயாரிக்க வேண்டியிருந்தது.

எனக்கு இன்றும் மிக அழகாகத் தோன்றும் கருத்து இது. ஆனால் ‘விட்டெஸ்பென்’ என்று பெயரிடப்பட்ட இந்த ஊசியைக் கொண்டு சிறுநீரகப் புற்றுநோய்க்கு நடந்த பெரிய சோதனை அதை உறுதி செய்யவில்லை. 2008-இல் வெளியான முடிவில், ஆராயப்பட்ட 728 பேரில் ஊசி பெற்றவர்களில் 37.7 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 39.8 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. இதைப் பயன் என்று சொல்ல இயலாது. தொடக்க நிலை நோயாளிகளிடம் சிறிது பலன் தெரிந்ததாகக் கூறப்பட்டது. அந்த ஆண்டே ரஷ்யா இந்த ஊசிக்கு ஒப்புதலும் அளித்தது. ஆயினும் ஒரு பிரிவினரைப் பின்னர் தனியே எடுத்துப் பார்த்துக் கிடைத்த பலனை நம்பி உங்கள் தந்தைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த ஊசிக்காக யாரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தந்தையின் திசுப் பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு புற்றுநோய் மருத்துவரிடம் செல்லுங்கள். நோய் திரும்பும் அபாயம் மிகுந்தவர்களுக்கு, அறுவைக்குப் பின் தரப்படும் பெம்ப்ரோலிசுமாப் என்னும் எதிர்ப்பாற்றல் மருந்து ஆயுளை நீட்டிப்பதாகச் சோதனையில் தெரிந்துள்ளது. அது அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.