கரடிக் கூண்டில் மூன்று மாதம்

கேள்வி: அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு, எனக்கு 21 வயது. பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு ஓர் உயிரியல் பூங்காவில் மூன்று மாத கீப்பர் இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் கிடையாது. மூன்று வாரமாகக் கரடிப் பகுதியில் கூண்டு கழுவுகிறேன், சாணம் அள்ளுகிறேன், பழம் வெட்டுகிறேன். கூட இருக்கும் கீப்பர் அண்ணன் அதிகம் பேசமாட்டார். அம்மா, ‘இதுக்கா மூணு வருஷம் படிக்க வெச்சோம்?’ என்கிறார். அங்கே வயதான பெண் கரடி ஒன்று மூலையில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. பார்த்தால் அழுகை வருகிறது. போன வாரம் ஆள் குறைவு என்று என்னைத் தனியாகவே உள்ளே போய்க் கழுவச் சொன்னார்கள். பயந்துகொண்டே போய்வந்தேன். தொடரலாமா, நின்றுவிடலாமா? – ஒரு வாசகி, தென்காசி

பதில்: அன்பு மகளுக்கு,

கடைசியில் எழுதியதை முதலில் பேசிவிடுவோம். தனியாக உள்ளே போனாய் என்று படித்ததும் எனக்குப் பகீரென்றது. இனி ஒருநாளும் போகாதே. கரடியை உள்ளறைக்கு மாற்றி, நகரும் கதவை வெளியிலிருந்தே இறக்கி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, உள்ளறையில் எத்தனை கரடி நிற்கிறது என்று கண்ணால் எண்ணிய பிறகுதான் ஆள் உள்ளே கால் வைக்க வேண்டும். பூட்டுவது ஒருவர், சரிபார்ப்பது இன்னொருவர். இருபது வருடம் வேலை செய்தவருக்கும் இதே விதிதான், ஏனென்றால் பழகிப்போன கைதான் ஒருநாள் பூட்டை மறக்கும். மறுபடியும் தனியாகப் போகச் சொன்னால், ‘துணைக்கு ஆள் வரட்டும் சார், அப்புறம் போகிறேன்’ என்று சொல்லிவிடு. மேலிடத்தில் எழுத்தாகவும் கொடு. அதற்காக உன்னை அனுப்பிவிட்டால் தாராளமாகக் கிளம்பி வா. அப்படிப்பட்ட இடத்தில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. டி.டி. ஊசி போட்டிருக்கிறாயா? ரேபிஸ் தடுப்பூசியைக் கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் முறை இருக்கிறது. பூங்கா மருத்துவரிடம் கேட்டு இந்த வாரமே போட்டுக்கொள்.

சரி, இப்போது சாணத்துக்கு வருவோம்.

நான் கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு ஒரு பூங்காவில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். முதல் மாதம் அதற்கு வேலையே இல்லை. ஒருநாள் குரங்குக் கூண்டைப் பெருக்கிக்கொண்டிருந்த வயதான கீப்பர் என்னைக் கூப்பிட்டு, ‘இந்தக் கிழவன் ரெண்டு நாளா வாழைப்பழத்தை மட்டும் தின்றான், கடலையைத் தொடலை’ என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே, ‘பல்லைப் பாருங்கம்மா’ என்றார். மயக்க ஊசி போட்டுப் பார்த்தால் கடைவாய்ப் பல்லுக்கு அடியில் சீழ் கட்டியிருந்தது. ஐந்து வருடப் படிப்பில் எனக்குத் தெரியாமல் போனதை அவர் துடைப்பத்தோடு நின்று கண்டுபிடித்திருந்தார்.

காட்டு விலங்கு தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டில் பலவீனம் வெளியே தெரிந்தால் அதுவே முடிவு. அதனால் நிற்க முடிகிற வரைக்கும் நன்றாக இருப்பதுபோல நிற்கும். தட்டில் மிச்சம் வைப்பதும் தரையில் போடுவதும்தான் அதை மீறி வெளியே வருகிற செய்திகள். மானின் புழுக்கை இளகியிருக்கிறதா? யானை லத்தியில் நார் நீள நீளமாக, மெல்லப்படாமல் வருகிறதா? யானைக்கு வாழ்நாளில் ஆறு முறைதான் கடைவாய்ப் பற்கள் முளைக்கும், கடைசி வரிசை தேய்ந்தபின் லத்தியில் அது தெரிந்துவிடும். கீப்பர்கள் காலையில் ‘தீனி எடுக்கலை’ என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்தப் பக்கம் ஓடாத மருத்துவர் நல்ல மருத்துவர் இல்லை.

2021 மே மாதக் கடைசியில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் நடந்தது உனக்கு நினைவிருக்கலாம். ஐந்து சிங்கங்களுக்குப் பசி குறைந்தது, அவ்வப்போது இருமின. முதலில் கண்ணில் பட்டது அவ்வளவுதான். ஜூன் 3 அன்று நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்துபோனது. போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிய 11 சிங்கங்களில் 9க்குக் கொரோனா. மனிதரிடையே பரவிக்கொண்டிருந்த அதே டெல்டா வகை என்று பிறகு தெரிந்தது. வாசலில் மருந்துத் தண்ணீரில் பூட்ஸை நனைத்துவிட்டு உள்ளே போகச் சொல்கிறார்களே, அதை அலட்சியமாகச் செய்யாதே. உனக்குச் சளி பிடித்திருந்தால் அன்றைக்குக் கரடிப் பக்கமே போகாதே. விலங்கிடமிருந்து நமக்கு வருவதுபோல, நம்மிடமிருந்தும் அதற்குப் போகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பயிற்சியின் இரண்டாவது மாதம், மழை தூறுகிறதே என்று மான் அடைப்பின் ஓரத்தில் நின்று சட்டென்று குடையை விரித்தேன். மொத்த மந்தையும் மிரண்டு ஓடியது. ஒரு மான் கம்பி வேலியில் போய் மோதியது. காயம் பெரிதில்லை, எழுந்து நின்றுவிட்டது. மூன்றாம் நாள் செத்துப்போனது. அளவுக்கு மீறிய பயத்திலும் ஓட்டத்திலும் மானின் தசைகள் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். மருத்துவம் படித்தவளுக்கு அது ஏட்டில் தெரிந்திருந்தது. குடையை விரிக்கும்போது நினைவுக்கு வரவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த மானை நினைத்தால் மனது கனக்கிறது. உன் கீப்பர் அண்ணன் ஏன் பேசாமல், அவசரமில்லாமல், தினமும் ஒரே வழியில் ஒரே மாதிரி நடக்கிறார் என்று யோசித்துப் பார். அவர் பேசாவிட்டாலும் அவர் எங்கே நிற்கிறார், எதை இரண்டு தடவை பார்க்கிறார் என்று கவனி. வேலை முடிந்து டீ குடிக்கும்போது கரடியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேள். ‘இன்னைக்கு ஏன் அந்த மரக்கட்டையைத் திருப்பிப் போட்டீங்க அண்ணா?’ என்பதுபோலச் சின்னதாக இருக்கட்டும். பேசாதவர்கள் தங்கள் விலங்கைப் பற்றிக் கேட்டால் பேசிவிடுவார்கள்.

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. மூன்று மாதம் சம்பளமில்லாமல் இருப்பது எல்லா வீட்டுக்கும் முடிகிற காரியமில்லை. போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாடுமாவது கொடுக்க முடியுமா என்று கேள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். வீட்டில் உண்மையிலேயே முடியவில்லை என்றால் நின்றுவிடு, அதில் ஒரு தவறுமில்லை. முடியும் என்றால், மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியலில் எம்.எஸ்ஸி. இருக்கிறது, டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். அங்கே நேர்முகத்தில் உட்காரும்போது, ஒரு கரடியைத் தொண்ணூறு நாள் பார்த்து எழுதிய நோட்டு உன் கையில் இருந்தால் உன்னிடம் பேச விஷயம் இருக்கும்.

அந்தக் கரடியைப் பற்றி எழுதியிருந்தாயே, நீ கடிதத்தைத் தொடங்கியிருக்க வேண்டிய இடமே அதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது அடைபட்ட விலங்குக்கு வருகிற துன்பத்தின் அடையாளம்தான், மழுப்பமாட்டேன். ஆனால் அந்தத் துன்பம் இப்போதையதாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. நம் நாட்டில் கரடிகளின் மூக்கைத் துளைத்துக் கயிறு கட்டித் தெருவில் ஆடவைத்தார்கள். சின்ன வயதில் பட்ட கொடுமையில் பிடித்த பழக்கம், நல்ல இடத்துக்கு வந்த பிறகும் தழும்பைப்போல ஒட்டிக்கொண்டிருக்கும். உன் கரடி எங்கிருந்து வந்தது என்று பதிவேட்டில் இருக்கும், கேட்டுப் பார்.

அப்புறம், கரடிக்கு வேலை கொடு. நம்மூர்க் கரடியின் உடம்பே கறையான் தின்பதற்காக அமைந்தது. மேல்வாயில் நடுவில் இரண்டு முன்பற்கள் கிடையாது, மூக்குத் துவாரங்களை நினைத்தபடி மூடிக்கொள்ளும், உதட்டைக் குழாய்போலக் குவித்துப் புற்றிலிருந்து உறிஞ்சும். காட்டில் மணிக்கணக்காகத் தோண்டித் தேடுகிற பிராணி அது. தட்டில் வெட்டிவைத்த பழத்தைப் பத்து நிமிடத்தில் தின்றுவிட்டு மீதி நாளை என்ன செய்யும்? மரக்கட்டையில் துளை போட்டுத் தேன் தடவி வைக்கலாம், பழத்தை மண்ணுக்குள்ளும் கல்லுக்கடியிலும் ஒளிக்கலாம். மருத்துவரிடமும் அண்ணனிடமும் அனுமதி கேட்டுவிட்டுச் செய்.

அதற்கு முன்னால் ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் நின்று பார். தலையாட்டல் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, தீனிக்கு முன்னா பின்னா, கூட்டம் இருக்கும்போது கூடுகிறதா, விடுமுறை நாளில் குறைகிறதா, எந்தச் சத்தம் கேட்டால் நிற்கிறது? நேரம் போட்டு எழுதி எனக்கு அனுப்பு. அண்ணன் அந்தக் கரடியை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதையும் எழுது.