வாசகர் கேள்வி-பதில்: வாடகைக்கு வருபவரிடம் எதைக் கேட்பது?

கேள்வி: தாம்பரத்தில் எங்கள் வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்கு விட்டிருந்தோம். குடியிருந்தவர் எங்கள் ஊர்க்காரர், தெரிந்த குடும்பம். கடைசி சில மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மின்கட்டணத்தையும் பாக்கி வைத்துக் காலி செய்துவிட்டார். இப்போது மூன்று குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. அதிக அட்வான்ஸ் தருபவருக்கு விடுங்கள் என்கிறார் தரகர்; நம்மவர்களாகப் பார்த்து விடலாம் என்கிறார் என் கணவர். எதை வைத்து முடிவு செய்வது?
- வாசகி, தாம்பரம்

பதில்: நம்மவர் என்பதற்காக விட்டதன் பலனை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாடகை மாதந்தோறும் வருமா, வீடு வீடாக இருக்குமா என்ற இரண்டும்தான் உங்கள் கவலை. சாதி, மதம், சமையலறையில் என்ன வேகிறது, கணவர் உடன் இருக்கிறாரா என்பன போன்ற கேள்விகளுக்கும் இந்தக் கவலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தனியாக வாழும் பெண்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் இந்தக் கேள்விகளாலேயே தெருத்தெருவாக அலைகிறார்கள். அந்த வரிசையில் உங்கள் வீடும் சேர வேண்டாம்.

பெரிய அட்வான்ஸும் பாதுகாப்பு அன்று. கையில் பெரிய தொகை இருக்கிறதே என்று உரிமையாளர் பாக்கியைப் பொறுத்துக்கொள்வதும், அதைக் கழித்துக்கொள்ளட்டும் என்று குடியிருப்பவர் நினைப்பதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய சென்னை வழக்கத்தை விட்டு மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது திருப்பித் தரவும் அதுவே சுலபம்.

வருமானத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம். மாதச் சம்பளக்காரரிடம் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்கலாம். சொந்தத் தொழில் செய்பவரிடம் வருமான வரிக் கணக்கைக் கேட்கலாம். தையல்காரரிடமோ ஆட்டோ ஓட்டுநரிடமோ இவை இல்லாமல் போகலாம். அதற்காக அவரைத் தள்ளிவிடாமல், தற்போதைய வீட்டு வாடகையை எந்தத் தேதியில் செலுத்தி வந்தார் என்பதை வங்கிக் கணக்கிலோ கைப்பேசியின் கூகுள் பே பதிவிலோ காட்டச் சொல்லுங்கள். ஓராண்டு முழுவதும் ஐந்தாம் தேதிக்குள் பணம் போயிருந்தால் சம்பளச் சீட்டைவிட அது நல்ல சான்று. வாடகை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் என்றால் மட்டும், அவர்களால் தொடர்ந்து சமாளிக்க முடியுமா என்பதை மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

நான் மிகவும் நம்புவது பழைய வீட்டு உரிமையாளரின் வார்த்தையை. ஆனால் இப்போதைய உரிமையாளர், போனால் போதும் என்று நினைத்து நல்லவிதமாகச் சொல்லிவிடக்கூடும். அதனால் அதற்கு முந்தைய வீட்டின் உரிமையாளரிடம் பேசுங்கள். அவருக்கு மறைக்க எதுவும் இல்லை. “எப்படிப்பட்டவர்கள்?” என்று பொதுவாகக் கேட்காமல், “மறுபடியும் வந்து கேட்டால் வீடு கொடுப்பீர்களா?” என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஆளைத் தேர்ந்தெடுத்த பின் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகார அமைப்பின் இணையதளத்தில் பதிந்து, பதிவு எண்ணையும் பெற்றுவிடுங்கள். பதினொரு மாதம் என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கால அளவு எதுவானாலும் எழுத்து ஒப்பந்தமும் இந்தப் பதிவும் வேண்டும் என்பதே சட்டம். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் வீட்டை மீட்கக் கேட்க அதில் வழி இருக்கிறது. ஆனால் பாக்கிக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த உங்களுக்கு உரிமை இல்லை. விசாரிப்பை முன்பே செய்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: குடிவருபவரின் ஆதார் நகலை வாங்கி வைத்தால் போதுமா? காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டுமா?
- வாசகர், மதுரை

பதில்: நகல் மட்டும் எதையும் உறுதி செய்யாது. அசல் அட்டையைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள க்யூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் படமும் பொருந்துகின்றனவா என்று உடனே தெரியும். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுத்தால் மறுக்காமல் பெற்றுக்கொள்ளுங்கள். வாடகைதாரர் குறித்த விவரங்களைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கட்டணச் சேவை இருக்கிறது. குடிவருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு விண்ணப்பித்தால் மனக்கசப்புக்கு இடமில்லை. நீங்கள் வீடு கொடுக்காதவர்களின் ஆவண நகல்களை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அழித்துவிட்டு, அழித்ததாக அவர்களுக்குத் தெரிவியுங்கள்.