வக்கீல் பில்லைக் கேட்டால் ரகசியம் என்கிறார்களா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் அசோசியேஷன் உள்ள குடியிருப்பில் வீடு வாங்கி வசிக்கிறோம். வேலியின் உயரம் விதிப்படி இல்லை என்று ஒரு வீட்டுக்காரர் மேல் அசோசியேஷனை நடத்தும் போர்டு வழக்குப் போட்டிருக்கிறது. மாதக் கட்டணமும் ஏறிவிட்டது. வக்கீலுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால், "அது ரகசியம்" என்கிறார்கள். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அவர்கள் சொல்வது பாதிதான் சரி. வக்கீல் போர்டுக்குச் சொன்ன ஆலோசனை ரகசியம். அவருக்குக் கொடுத்த பணம் ரகசியம் இல்லை. அசோசியேஷன்களுக்கான டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டத்தின் 5200, 5205-ஆம் பிரிவுகளின்படி கணக்கையும் பில்களையும் உறுப்பினர் பார்க்கலாம். ஆலோசனை இருக்கும் வரிகளை மட்டும் மறைத்துவிட்டுத் தரலாம், அவ்வளவுதான். வாயால் கேட்காமல் எழுதிக் கேளுங்கள். நடப்பு நிதியாண்டின் கணக்கை 10 வேலை நாளுக்குள்ளும், அதற்கு முந்தைய 2 ஆண்டுகளின் கணக்கை 30 நாளுக்குள்ளும் காட்ட வேண்டும். காரணமில்லாமல் மறுத்தால், சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம். ஒரு கோரிக்கைக்கு 500 டாலர் வரை அசோசியேஷனுக்கு அபராதம் விழலாம்.

கணக்கு வந்ததும், பணம் எந்தத் தலைப்பிலிருந்து போனது என்று முதலில் பாருங்கள். கூரை, சாலை போன்றவற்றைப் பழுதுபார்க்கச் சேர்த்த ரிசர்வ் பணத்தை அந்தப் பழுது சம்பந்தமான வழக்குக்குத்தான் செலவழிக்கலாம். வேலித் தகராறு அதில் வராது. கட்டணம் ஒரே ஆண்டில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால், உறுப்பினர்களின் ஓட்டு எடுத்தார்களா என்றும் கேளுங்கள்.

என்னை உறுத்துவது வேறு விஷயம். அந்த வீட்டுக்காரர் தன் வக்கீலுக்கும் பணம் கட்டுகிறார், தன்னை எதிர்க்கும் வக்கீலுக்கும் மாதக் கட்டணம் வழியாகக் கட்டுகிறார். இப்படிப்பட்ட வழக்குகளில் தோற்றவர் ஜெயித்தவரின் வக்கீல் செலவையும் கொடுக்க வேண்டும். அவர் தோற்றால் குடும்பமே ஆட்டம் காணும். போர்டு தோற்றால் அந்தப் பணம் உங்கள் எல்லோரிடமிருந்தும்தான் போகும். வேலியில் யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வேலிக்காக ஒரு குடியிருப்பே இவ்வளவு பெரிய பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

போர்டுடன் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அந்த வீட்டுக்காரர் இதுவரை எழுதிக் கேட்கவில்லை என்றால், இப்போதாவது கேட்கச் சொல்லுங்கள். உறுப்பினர் கேட்டால் போர்டு மறுக்கக் கூடாது, அதற்குக் கட்டணமும் வாங்கக் கூடாது. வழக்கு நடக்கும்போது பேசுவதென்றால் தன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

அப்புறமும் போர்டு பிடிவாதம் பிடித்தால், 5 சதவீத உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டாலே சிறப்புக் கூட்டம் கூட்டச் சொல்லலாம். பில் கைக்கு வந்த பிறகே கையெழுத்து வாங்கக் கிளம்புங்கள். தொகையைக் காட்டினால்தான் அக்கம்பக்கத்தார் நின்று கேட்பார்கள்.