போர்வைக்குள் வெளிச்சம்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. சமூக வலைத்தளத்தில் தன் படத்தைப் போடுகிறாள். அரை மணி நேரத்துக்குள் லைக் வராவிட்டால் அழித்துவிடுகிறாள். அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. ராத்திரி ஒரு மணிக்குக்கூட போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. போனைப் பிடுங்கிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. நான் பிடுங்கிப் பார்த்தவன். என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். வீடு அமைதியானது, எனக்குப் பெருமை வேறு. பிறகுதான் தெரிந்தது, நண்பனின் போனில் வேறு பெயரில் கணக்கு தொடங்கியிருக்கிறான். அங்கே ஒருவன் அவனை விடாமல் கேலி செய்திருக்கிறான். என்னிடம் எப்படிச் சொல்வான்? சொன்னால் கள்ளக் கணக்கும் வெளியே வந்துவிடுமே. பீரோவோடு அவன் வாயையும் சேர்த்துப் பூட்டியிருந்தேன்.

அந்த வயதில் நாமும் கண்ணாடி முன்னால் நின்று அழுதவர்கள்தான். ஆனால் யாருக்கு நம்மைப் பிடித்தது என்று எண்ணிக்கை போட்டு யாரும் ஒட்டி வைக்கவில்லை. 2021-ல் ஃபிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். தங்கள் உடலைப் பற்றி மனம் சோரும்போது இன்ஸ்டாகிராம் அந்தச் சோர்வைக் கூட்டியதாக 32 சதவீத டீன்ஏஜ் பெண்கள் சொன்னது அதில் இருந்தது. நிறுவனமே எடுத்த ஆய்வு அது. ஆகவே, ‘இதுக்குப் போய் அழுவாங்களா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி இன்ஸ்டாகிராமிலேயே இருக்கிறது. அவள் சம்மதித்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மாற்றுங்கள்.

என்னைக் கேட்டால், முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள். 13 முதல் 18 வயதுவரை 8 மணி முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். புத்தகத்தில் அத்தியாயம் முடியும், டிவியில் நிகழ்ச்சி முடியும். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் திரை முடிவதே இல்லை. 2006-ல் அதை வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் வருந்தினார். பத்து மணிக்கு எல்லார் போனும் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். எல்லார் போனும் என்றால் உங்களுடையதும்தான். எங்கள் வீட்டில் இந்தத் திட்டத்தைக் கவிழ்த்தது நான். ‘அலாரத்துக்கு வேணும்’ என்று எடுத்துப்போனேன். அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கிவிடுங்கள்.

சாப்பிடாமல் இருப்பது தொடர்ந்தால், எடை குறைந்தால், ‘நான் இல்லாமலே போயிருக்கலாம்’ என்பதுபோல் பேசினால், தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: நான் 16 வயது மாணவன். எனக்குத் தெரியாமல் அப்பா என் மெசேஜ்களைப் படிக்கிறார். இது நியாயமா?

பதில்: நியாயமில்லை தம்பி. பார்க்க வேண்டுமென்றால் உன்னிடம் சொல்லிவிட்டுப் பார்க்கட்டும். இந்தப் பக்கத்தையே அவரிடம் காட்டு. ஆனால் ஒன்று. முகம் தெரியாத யாராவது உன் அந்தரங்கப் படத்தை வைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டினால் கொடுக்காதே, கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். உன் வயதுப் பையன்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நேராக அதே அப்பாவிடம் போ. திட்டு விழும், வாங்கிக்கொள்.