சூப்பர் சப் சோல்ஷார் பயிற்சியாளராகத் தோற்றுப்போனவரா?

தோற்றுப்போனவர் என்று ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் மாற்று ஆளாக (சப்) இறங்கி கோல் அடித்தே சூப்பர் சப் என்று பேர் வாங்கிய கால்பந்து வீரர் ஓலே குன்னார் சோல்ஷாரை ஆட்டக்காரராகக் கொண்டாட வைத்த அந்தப் பொறுமையே, கோச்சான பிறகு அவருடைய காலை வாரிவிட்டது என்று நினைக்கிறேன்.

1996-ல் நார்வேயிலிருந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்புக்கு வந்தார், 126 கோல் அடித்தார். பெஞ்சில் உட்கார்ந்தாலும் சும்மா இருக்க மாட்டார். எந்த டிஃபெண்டர் களைத்துவிட்டான், எவன் திரும்பத் திணறுகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்து, உள்ளே போனதும் அந்த இடத்தில் கை வைப்பார். 1999 பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக 4-1 என்று முடிவு தெரிந்துபோன ஆட்டத்தில் சப்பாக இறங்கி, தனியாளாக நான்கு கோல் போட்டு 8-1 ஆக்கினார். அதே வருடம் மே 26, பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், ஜெர்மனியின் பயர்னுக்கு எதிராக 90 நிமிடம் முடிந்து கிடைத்த இஞ்சுரி டைமில் பெக்காம் கார்னர் எடுக்க, ஷெரிங்காம் தலையால் தட்டிவிட, இவர் காலை நீட்டினார், கோப்பை வந்துவிட்டது.

நாங்கள் கும்பகோணம் பக்கம். மேட்டூரை மூடி ஆறு வறண்டதும் அரசலாற்று மணல்தான் எங்கள் கிரவுண்டு. வெளியே உட்கார வைத்தால் எந்தப் பையனுக்கும் முகம் தொங்கிப்போகும், கரையோரம் புல்லைப் பிய்த்துக்கொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். அவனிடம் நான் சொல்வது சோல்ஷார் கதைதான், நன்றாக வேலை செய்கிறது.

சரி, கோச் விஷயம். நார்வேயின் மோல்டே 1911-ல் தொடங்கிய கிளப், அதுவரை லீக் பட்டமே வென்றதில்லை. இவர் போய் 2011, 2012 என்று அடுத்தடுத்து இரண்டு வாங்கிக் கொடுத்தார். அடுத்துப் போன கார்டிஃப் கிளப் சரிவரவில்லை. 2018 டிசம்பரில் யுனைடெட்டுக்குத் தற்காலிகமாக வந்து முதல் எட்டு ஆட்டமும் ஜெயித்தார், பாரிஸ் போய் அந்த ஊர் அணி பிஎஸ்ஜியை 3-1 என்று ஜெயித்து சாம்பியன்ஸ் லீகிலிருந்து வெளியேற்றினார். எதிரணி ஏறி வந்தால் அவர் அணி பின்னிவிடும். பின்னாலேயே நின்று அடைத்துக்கொண்டால் திணறும். தப்புக்காகக் காத்திருந்து அடிக்கத் தெரிந்த அணி அது, ஆட்டத்தைத் தானே உண்டாக்கத் தெரியாது.

2021 யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அதுவும் மே 26 தான். எதிரே ஆடிய ஸ்பெயினின் வில்லாரியல் பக்கம் ஆளாளாக மாற்றிக்கொண்டிருக்க, உலகமே சூப்பர் சப் என்று கூப்பிட்ட மனிதர் 100-வது நிமிடம் வரை ஒரு ஆளைக்கூட மாற்றவில்லை. கடைசியில் பெனால்டியில் 11-10 என்று கோப்பை போனது. அந்த நவம்பரில் வாட்ஃபோர்டிடம் 4-1 தோற்ற மறுநாள் வேலையும் போனது.

அதற்காக லீகில் மூன்றாமிடம், அடுத்து இரண்டாமிடம் என்று அணியை மேலே கொண்டுவந்தவரை, பழைய பாசத்தில் கோச் வேலை கிடைத்தவர் என்று சிலர் பேசுவது நியாயமே இல்லை. மோல்டேவில் வென்ற இரண்டு பட்டத்தையும் யாரும் பாசத்தில் கொடுத்துவிடவில்லை.