சைனாவுலேர்ந்து பாராகுவாட் டெக்னிக்கல் இறக்க ஐஈசி, ஜிஎஸ்டி மட்டும் போதுமா?

போதாதுங்க. பாராகுவாட்ங்கிறது ஒரு களைக்கொல்லி, டெக்னிக்கல்ங்கிறது அதோட கலக்காத மூலச்சரக்கு, ஐஈசிங்கிறது இறக்குமதி-ஏற்றுமதி கோட் நம்பர். நான் ஒரு கிளியரிங் ஏஜென்சில டாக்குமென்ட் பாக்குற ஆளு, இந்தக் கேள்வியோட வர்றவங்க நெறைய பேர் சப்ளையருக்கு அட்வான்ஸ் அனுப்பிட்டுத்தான் வர்றாங்க, நீங்க முன்னாடியே கேட்டது நல்லதாப் போச்சு, அதான் கொஞ்சம் விளக்கமா எழுதுறேன்.

முதல்ல 1968 பூச்சிக்கொல்லிச் சட்டம். களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, எலி மருந்து எல்லாமே இதுக்குள்ளதான் வரும், அதனால பாராகுவாட்டும் வரும். செக்ஷன் 9 படி இறக்குமதி பண்றவர் ஃபரிதாபாத்ல இருக்கிற சிஐபி-ஆர்சி, அதாவது மத்திய பூச்சிக்கொல்லி வாரியம்-பதிவுக் குழு கிட்ட பதிவு வாங்கியிருக்கணும், பதிவு இல்லாத மருந்தை நாட்டுக்குள்ள கொண்டுவரவே கூடாதுன்னு செக்ஷன் 17 சொல்லுது.

"அதான் இந்த மருந்து ஏற்கனவே பதிவாகி கடை கடையா விக்குதே"ம்பாங்க. அது அந்தந்த கம்பெனியோட பதிவு. உங்களுக்கு உங்க பேர்ல தனியா வேணும், டெக்னிக்கலுக்குத் தனி, அதைக் கலந்து விக்கிற பதமா ஆக்கின பார்முலேஷனுக்குத் தனி, அதுலயும் எந்த ஃபேக்டரி சரக்குன்னு சர்டிபிகேட்லயே இருக்கும், நாளைக்கு இன்னொருத்தன் கிலோவுக்கு நூறு ரூபா கொறச்சுத் தர்றான்னு சப்ளையரை மாத்திட முடியாது. வீண் கெடுபிடின்னு தோணும், ஆனா இதுக்குப் பின்னால உயிர் போன கதை இருக்கு. 1976-ல பாகிஸ்தான்ல மலேரியா ஒழிப்புக்கு மாலத்தியான் அடிச்ச தொழிலாளிங்க ஆயிரக்கணக்குல விஷம் ஏறி படுத்தாங்க, 5 பேர் செத்தே போனாங்க. மாலத்தியான் அவ்வளவு கடுமையான மருந்தே கெடையாது, சில கம்பெனி சரக்குல கலந்திருந்த ஐசோமாலத்தியான்ங்கிற அசுத்தம்தான் காரணம். டிரம் மேல அதே பேர்தான், உள்ள இருந்தது வேற. அதனாலதான் சோர்ஸ், தயாரிக்கிற முறை, எந்த அசுத்தம் எவ்வளவு, விஷத்தன்மை டேட்டான்னு அவ்வளவு பேப்பர் கேக்குறாங்க. அந்த டேட்டா எடுக்க சாம்பிள் கொண்டுவரக்கூட ஆர்டிடிங்கிற ஆராய்ச்சி-சோதனை பெர்மிட் தனியா வாங்கணும்.

இதுக்கு மேல சுற்றுச்சூழல் சட்டத்துக்குக் கீழ வர்ற 1989 அபாயகரமான ரசாயன விதிகள் இருக்கு. அந்தப் பட்டியல்ல வர்ற சரக்குன்னா எந்த போர்ட், எவ்வளவு, யாருக்கு வருதுங்கிற விவரத்தையும் பாதுகாப்புத் தகவலையும் 30 நாள் முன்னாடியே கொடுக்கணும், முடியலைன்னா சரக்கு வர்ற தேதிக்குள்ளயாவது கொடுத்தாகணும். உள்ளூர்ல விக்கிறதுக்கு மாநில வேளாண் துறை லைசன்ஸ் வேற.

கப்பல்ல ஏத்துறப்ப டிரம்ல யூஎன் 3016ங்கிற அபாயச் சரக்கு எண், மண்டையோடு போட்ட 6.1 (விஷச் சரக்கு) டைமண்டு, செத்த மீனும் மரமும் போட்ட கடல்மாசு குறி எல்லாம் இருக்கான்னு போட்டோ வாங்கிப் பாருங்க. நான் மேல சொன்ன 1968 சட்டம் வந்ததே ஒரு கப்பல் சரக்காலதான். 1958-ல பாரத்தியான்ங்கிற பூச்சிக்கொல்லி உணவுச் சரக்கோட ஒண்ணா ஏறி, கசிஞ்சு, அதைச் சாப்பிட்ட 100-க்கும் மேல பேர் கேரளாவுல செத்தாங்க. சில பேர் டெக்னிக்கலை ஏதோ ஆர்கானிக் இன்டர்மீடியட்னு கஸ்டம்ஸ் வரிப்பட்டியல் 29-ஆம் சாப்டர்ல பொதுத் தலைப்புல போட்டு பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸ்ல கொடுக்கிற இறக்குமதிப் பத்திரம்) தாக்கல் பண்ணிடலாம்னு ஐடியா கொடுப்பாங்க, தயவுசெஞ்சு காது கொடுக்காதீங்க, கேஸுங்கிறது ஒரு பக்கம், உள்ள என்ன இருக்குன்னே தெரியாம டிரம்மைத் தூக்குற லோடுமேனை நெனச்சுப் பாருங்க.

பாராகுவாட் பத்தி மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். குடிச்சவனைக் காப்பாத்த மாத்து மருந்தே கெடையாது, நுரையீரல் போயிடும். கேரளா 2011-லயே தடை பண்ணிடுச்சு. உங்களுக்கு விக்கிற சைனாவுலயே 2016-லேர்ந்து திரவ பாராகுவாட்டை உள்ளூர்ல விக்கத் தடை, ஏற்றுமதிக்கு மட்டும் தயாரிக்கிறாங்க. அபாயகரமான ரசாயன வணிகத்துக்கான ராட்டர்டாம் சர்வதேச ஒப்பந்தப் பட்டியல்ல சேர்க்க பல கூட்டமா பேசியும், எல்லா நாடும் ஒத்துக்கணும்ங்கிறதால நடக்கல. சட்டப்படி வழி இருக்குங்கறதுக்காக நான் இதை உங்களுக்கு சிபாரிசு பண்ண மாட்டேன்.

களைக்கொல்லி தொழில்தான் பண்ணணும்னா வேற மருந்து பாருங்க, இங்கயே பதிவு பண்ணி டெக்னிக்கல் தயாரிக்கிறவங்ககிட்ட வாங்கி, செக்ஷன் 9(4)-ல (ஏற்கனவே பதிவான மருந்துக்கு அடுத்து வர்றவங்க பதிவு வாங்குற பிரிவு) உங்க பேர்ல பார்முலேஷன் பதிவு போடுறதுதான் புதுசா வர்றவங்களுக்குச் செலவு கம்மி. எந்தப் பயிருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க, என்னென்ன பேப்பர் வேணும்னு எழுதுறேன்.